தீவாந்தரத்தில் ஆறு நாள்

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் 'தீவாந்தரம்' என்னும் சொல் ஓர் அச்சுறுத்தலாகவே வழங்கி வந்தது. சொன்ன பேச்சைக் கேளாத பிள்ளையைத் தீவாந்தரத்துக்கு அனுப்பிவிடுவதாகப் பாட்டி மிரட்டுவார். அது எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, பாட்டிக்கும் தெரிந்திராது. போனவர் திரும்பார் என்பது மட்டும் எல்லார்க்கும் தெரியும். வெள்ளையர் ஆட்சியில் ஆயுள் தண்டனை பெற்றோரைக் கப்பலேற்றி அனுப்பிய அந்தமான் தீவுகளே அந்தத் தீவாந்தரம் என்பதைப் பின்னர் பள்ளியில் படித்தேன். அங்கே 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சிறைக்கு ஏழு கிளைகள் இருந்தன. இன்று மூன்றே எஞ்சியுள்ளன.

அந்தத் தீவாந்தரத்துக்குச் சென்ற கோடையில் நானே போய் வந்தேன். தண்டனையாக அன்று, தம்பி குடும்பத்தோடு, இளைப்பாறுவதற்காக. 'பங்குத் தந்தைக்குத் தீவில் என்ன இளைப்பாறல்?' என்று வாசகர் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. பதினோர் ஆண்டுகளுக்கு முன் நானே அப்படிக் கேட்டவன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் வேறொரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மாலையில் கணவனும் மனைவியும் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். அவர் நூற்பாலைத் தொழிலாளி. அந்த அம்மாள் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ஒரே மகன், பன்னிரண்டு வயது. இரண்டாண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கைக்கு வந்திருந்தது. "அந்தமானுக்கு ஒரு வாரம் போய்வரலாம் என்று எண்ணுகிறோம், சாமி. நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று அவர் கேட்டார். அப்பொழுது எங்கள் ஆலயத்தின் மணிக்கூண்டு பாதியில் நின்றிருந்தது. நான் சிரித்துக்கொண்டே, "கடலைப் பார்க்க வேண்டுமானால் வேளாங்கண்ணியிலும் கடல்தானே இருக்கிறது? அன்னையையும் தரிசித்த பலன் கிடைக்கும். மிச்சப் பணம் மணிக்கூண்டுக்கு உதவுமே" என்றேன். அவர் தலையசைத்தார். அந்த அம்மாள் கதவருகில் நின்றிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. நானும் அவரைக் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் பணம் வந்து சேர்ந்தது. மணிக்கூண்டின் அடியில் பதித்த பளிங்குக் கல்லில் அவர்கள் பெயர் ஆறாவது வரியில் இருக்கிறது.

நான் தீமை எதுவும் செய்துவிட்டதாக அன்று தோன்றவில்லை. இன்றும் மணிக்கூண்டு வேண்டாத செலவென்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாண்டுகளுக்கு முன் அந்தக் கணவரை ஒரு திருமணத்தில் சந்தித்தபோது, மகன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தேன். குவைத்தில் வேலை செய்கிறான் என்றார். "வீட்டில் மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு இரண்டு வருஷமாகிறது, சாமி" என்றும் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் கதவருகில் நின்ற அந்த அம்மாளின் முகம் நினைவுக்கு வந்தது.

விவிலியத்தில் தீவுக்குப் போனவர்களை எண்ணிப் பாருங்கள். பவுலடியார் சைப்பிரசுக்குப் போனது போதிக்க. மால்டாவில் கரையேறியது கப்பல் உடைந்ததால். யோவான் பத்மு தீவில் இருந்தது இளைப்பாற அல்ல. ஆகவே தீவு விடுமுறைக்கு முன்னுதாரணம் தேடுகிறவர்களுக்கு நான் உதவ முடியாது. ஆனால் மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில், களைத்துத் திரும்பிய திருத்தூதர்களை ஆண்டவரே தனிமையான இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறும்படி அழைக்கிறார். அங்கே அவர்கள் படகில்தான் போகிறார்கள். அவர்கள் போய்ச் சேருமுன்பே மக்கள் கூட்டம் கரை வழியாக ஓடி அங்கே நின்றது. குருமடத்தில் அந்தப் பகுதியை விளக்கிய பேராசிரியர் கூட்டத்தைப் பற்றியே பேசினார். அழைப்பைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. நானும் முப்பது ஆண்டுகளாக அப்படியே பிரசங்கம் செய்து வந்திருக்கிறேன்.

இனி என் தம்பியின் வீட்டுக்கு வருகிறேன். அவன் மின்வாரியத்தில் பணிபுரிகிறவன். மூத்தவள் கல்லூரியில் படிக்கிறாள். இளையவன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தான். எழுபத்தொன்பது வயதான எங்கள் தாயார் அவனோடுதான் இருக்கிறார். பெற்ற மகனாயினும் என்னைச் 'சாமி' என்றே அழைப்பவர். ஈஸ்டர் முடிந்து நான் அங்கே போயிருந்தபோது, மேசைமேல் பெரியதொரு தாளை விரித்து வைத்துக்கொண்டு மகள் திட்டம் சொல்லிக்கொண்டிருந்தாள். "பெரியப்பா, நீங்களும் வருகிறீர்கள். விமானச் சீட்டுக்குப் பேர் கொடுக்க வேண்டும்" என்றாள். பக்கத்துப் பங்குக் குருவானவர் என் வாரநாள் திருப்பலிகளையும் ஞாயிறு பூசையையும் பார்த்துக்கொள்ள இசைந்ததால் என்னிடம் சாக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அவளுடைய தாளைப் பார்த்தேன். ஆறு நாளில் ஏழு தீவுகள். 2018-ஆம் ஆண்டில் சுவராஜ் துவீப் எனப் பெயர் மாறிய ஹேவ்லாக், ஷஹீத் துவீப் ஆன நீல், நேதாஜியின் பெயர் பெற்ற ராஸ் தீவு, பாராடாங் குகைகள், யானைக் கடற்கரை, இன்னும் எவையெவையோ. ஒவ்வொரு நாளும் காலை ஐந்து மணிக்குப் புறப்பாடு. எங்கள் தலைமைக் குருமடத்தின் கால அட்டவணைகூட இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை.

செலவைக் குறைக்கத் தம்பி ஒரு யோசனை வைத்திருந்தான். விடுதியில் தங்காமல், சமையலறையோடு கூடிய வீடொன்றை வாடகைக்கு எடுப்பது. அம்மாவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, ஆதலால் வீட்டிலேயே சமைத்துக்கொள்ளலாம் என்பது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. சமைத்துக்கொள்ளலாம் என்றான், சமைப்பவர் யார் என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தம்பி மனைவி அப்போது அடுக்களையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மௌனத்தை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன் அல்லவா? எழுந்துபோய் அடுக்களை வாயிலில் நின்றேன். "ஏம்மா, நீ அங்கே போனால் என்ன செய்ய விரும்புகிறாய்?" என்று கேட்டேன். அவள் தோசையைத் திருப்பினாள். "எல்லாரும் எங்கே போகிறீர்களோ அங்கே வருகிறேன், சாமி" என்றாள். "அதைக் கேட்கவில்லை" என்றேன். சற்று நேரம் கழித்து, "மத்தியானம் தூங்க வேண்டும், யாரும் எழுப்பக் கூடாது" என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் பகலில் உறங்கி நான் பார்த்ததில்லை; நோயுற்ற நாள்களில் தவிர.

அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் புதிய திட்டம் எழுதினோம். அதைச் சற்று விவரமாகச் சொல்லுகிறேன். போக எண்ணும் குடும்பங்களுக்குப் பயன்படலாம்.

முதலில் காலம். அந்தமானில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் வந்திறங்கும் இடமே அந்தக் கடல்தான். மே மாதத்தின் மூன்றாம் வாரத்தை ஒட்டி அது அங்கே தொடங்கிவிடும். நம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையோ ஏப்ரல் கடைசியில்தான் ஆரம்பமாகிறது. ஆகவே இடையில் மூன்று வாரமே கிடைக்கும். வெயில் கடுமைதான், ஆனால் படகு நிற்காது. மே இறுதியில் போகிறவர்கள் படகு ரத்தானால் ஒரு தீவிலேயே அகப்பட்டுக்கொள்ள நேரும் என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

அடுத்து வழி. சென்னையிலிருந்து கப்பலில் போனால் ஏறத்தாழ மூன்று நாள். மாதத்தில் சில முறையே கப்பல் உண்டு. நாள் முன்கூட்டி உறுதியாகத் தெரிவதில்லை. எனக்குக் கப்பலில் போக ஆசைதான். தாயாரின் வயதையும் தம்பியின் விடுப்பையும் கருதி விமானத்தையே கொண்டோம். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். முன்னதாகவே சீட்டு வாங்கினால் கட்டணம் குறையும் என்றார்கள். நாங்கள் முன்னதாக வாங்கவில்லை, ஆகவே குறையவில்லை.

பிறகு இடங்கள். இங்கேதான் வாதம் மூண்டது. பாராடாங் குகைகளை நான் அடித்துவிட்டேன். அங்கே போக நள்ளிரவு கழிந்ததும் எழுந்து, ஜாரவா பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட காட்டின் நடுவே செல்லும் சாலையில், வாகன வரிசையில் சேர்ந்து போக வேண்டும். வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் போகிற வண்டிகளில் பாதிப்பேர் குகைக்காகவா கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒரு மனிதக் கூட்டம் தன் காட்டில் தன் பாட்டில் வாழ்கையில், அதை நம் பிள்ளைகளுக்குக் காட்சிப் பொருளாகக் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. "நம் வீட்டு வாசலில் தினம் நூறு வண்டி நின்று எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டேன். இளையவன் உடனே ஒப்புக்கொண்டான். மூத்தவள் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

ஹேவ்லாக்கா, நீலா என்பதில் இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். ஹேவ்லாக்கில் புகழ்பெற்ற ராதாநகர்க் கடற்கரை இருக்கிறது, கூட்டமும் இருக்கிறது. நீல் சிறிய தீவு. கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேற்றப்பட்ட குடும்பங்கள் காய்கறி பயிரிட்டு வாழும் இடம். ஒரு தீவில் மூன்று இரவு தங்குவது, ஒரே படுக்கை, ஒரே மரநிழல் என்று தீர்மானித்து நீலையே தேர்ந்தோம். வாடகை வீடு கைவிடப்பட்டது. சாப்பாட்டோடு கூடிய எளிய விடுதி. கூடுதல் செலவை நான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னேன். குருக்களுக்கும் சிறுசேமிப்பு உண்டு. அதை ஒப்புக்கொள்ளத்தான் எங்களுக்குக் கூச்சம்.

தாயாருக்கு ஒரே அச்சம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு, வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் பலரைக் கடல் கொண்டுபோனதை அவர் மறக்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து போன இருவர் திரும்பவில்லை. நிக்கோபார்த் தீவுகளில் அன்று நேர்ந்த அழிவோ சொல்லும் தரமன்று. "அங்கேயும் கடல் வந்ததே, சாமி" என்றார். வராது என்று நான் சொல்லவில்லை. யார் சொல்ல முடியும்? கரையை ஒட்டாமல், தோப்புக்குள் மேட்டில் இருக்கும் விடுதியைப் பார்த்து எடுத்தோம். போன முதல் மாலையே கரையிலிருந்து மேட்டுக்கு எத்தனை நிமிடம் என்று இளையவனை நடக்கவிட்டுப் பார்த்தோம். ஆறு நிமிடம். அதன் பின் அம்மா ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கடலைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

போர்ட் பிளேயர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகிறது. அங்கே இறங்கியதும் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தது. தமிழர் கடைகள், இட்லி, காப்பி எல்லாம் உண்டு. முதல் இரவு அங்கே தங்கி, மறுநாள் காலைப் படகில் நீலுக்குப் போனோம். படகில் தலைசுற்றலுக்கு அம்மா வீட்டிலிருந்தே சுக்கு கொண்டுவந்திருந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

போகிறவர்கள் அறிய வேண்டிய ஒன்று: அந்தத் தீவுகள் நமக்கு வெகு கிழக்கே கிடக்கின்றன, கடிகாரமோ நம் கடிகாரமேதான். ஆகவே காலை ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். மாலை ஐந்தரைக்குச் சூரியன் இறங்கிவிடும். நம் ஊர்ப் பழக்கத்தில் மாலை ஆறு மணிக்குக் கடற்கரைக்குக் கிளம்புகிறவர்கள் இருட்டைத்தான் பார்ப்பார்கள். அந்த ஏற்பாடு எங்களுக்கு வசதியாயிற்று. காலையில் விளையாட்டு, பகலில் நிழல், ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்கு வீடு முழுதும் உறக்கம். தொலைபேசி அங்கே எட்டாது என்று நான் நம்பியிருந்தேன். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் கம்பிவடம் போட்டுவிட்டார்கள் என்று பிள்ளைகள் மகிழ்ச்சியோடு தெரிவித்தார்கள். மாலையில் ஒரு மணி நேரம் என்று உடன்பாடு செய்துகொண்டோம். அதை முதலில் மீறியவன் என் தம்பி.

இளையவன் கரையிலே கிடந்த பவளத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டான். எடுத்துவரச் சட்டம் இடம் தராது என்பதைச் சொல்லித் திரும்பப் போடச் செய்தோம். கண்ணாடி அடிப்பாகம் கொண்ட படகில் ஏறி உயிருள்ள பவளத்தைப் பார்த்தபோது அவனுக்குக் கையிலிருந்தது போன வருத்தம் தீர்ந்தது. இன்னொன்று: அந்தத் தீவுகளின் கழிமுகங்களில் உப்புநீர் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் நீரில் இறங்கலாகாது. பலகையை அலட்சியம் செய்கிற குடும்பத் தலைவர்களை நான் அங்கே பார்த்தேன்.

இரண்டாம் நாள் வியாழக்கிழமை. தீவின் ஒரு கரையில் கடல் அரித்தெடுத்த பாறைப் பாலம் ஒன்று உண்டு. நீர் வற்றும் நேரத்தில்தான் கற்களின் மேல் நடந்து அங்கே போக முடியும். அன்று இரண்டு மணிக்கு நீர் வற்றும் என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார். ஒன்றரைக்கு எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றோம். தம்பி மனைவி சாப்பிட்டுவிட்டுப் பாயில் தலை சாய்த்தவள் உறங்கிப் போயிருந்தாள். "எழுப்பலாமா?" என்றான் தம்பி. அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்தார்கள். இரண்டாயிற்று, மூன்றாயிற்று. தென்னங்கீற்று அசைகிற ஓசை தவிர வேறில்லை. "பெரியப்பா, தண்ணீர் ஏறிவிடும்" என்று மூத்தவள் என் காதில் சொன்னாள். "நீங்கள் போய் வாருங்கள்" என்றேன். அவள் தன் அம்மா படுத்திருந்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டாள். யாரும் போகவில்லை.

நாலே கால் மணிக்கு அவள் பதறி எழுந்தாள். "ஏன் எழுப்பவில்லை? மணி என்ன? அத்தைக்குக் காப்பி—" என்று அடுக்களையைத் தேடி நடந்தாள். அங்கே அடுக்களை இல்லை. காப்பி ஏற்கெனவே வந்து, அம்மா பாதி குடித்து முடித்திருந்தார். அவள் எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திண்ணைப் படியில் உட்கார்ந்தாள். மகள் தானாகவே பின்னால் போய் உட்கார்ந்து அவள் தலையைப் பின்னிவிட்டாள். பாறைப் பாலத்தை நாங்கள் கடைசிவரை பார்க்கவில்லை.

சனிக்கிழமை திரும்பி வந்து சிறையைப் பார்த்தோம். அம்மா ஓர் அறைக்குள் நுழைந்து, உடனே வெளியே வந்துவிட்டார். மறுநாள் ஸ்டெல்லா மாரிஸ் பேராலயத்தில் உடன் திருப்பலி நிறைவேற்றினேன். 1918-ஆம் ஆண்டிலிருந்து காட்டு வேலைக்காக ராஞ்சிப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட பழங்குடி மக்களுள் கத்தோலிக்கர் பலர் இருந்தனர். அவர்களுடைய சந்ததியாரும் நம் தமிழரும் அங்கே ஒரே இருக்கையில் அமர்ந்திருந்தார்கள். 1984-இல் தனி மறைமாவட்டமானது அது. பகலில் விமானம் ஏறினோம்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம், பழைய பங்கின் திருவிழாவில் பிரசங்கம் செய்ய அழைத்திருந்தார்கள். திருப்பலி முடிந்து அந்த ஆசிரியை அம்மாளின் வீட்டுக்குப் போனேன். கணவர் இருந்தார். என்ன சொல்லித் தொடங்குவது என்று எனக்கு விளங்கவில்லை. "அந்தமானுக்குப் போய்வந்தேன்" என்றேன். பிறகு, "அன்று உங்களைப் போகவிடாமல் செய்தது நான்தான். அது சரியில்லை" என்றேன். கணவர், "அதெல்லாம் எதற்கு, சாமி" என்று எழுந்து மின்விசிறியைக் கூட்டினார்.

அந்த அம்மாள் இம்முறை கதவருகில் நிற்கவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"டிசம்பரில் பையன் மூன்று வாரம் வருகிறான்" என்றார். "அப்போது அங்கே மழை இருக்குமா, சாமி?"

டிசம்பரின் முற்பகுதியில் வடகிழக்குப் பருவ மழையும் புயலும் இருக்கக்கூடும். கிறிஸ்துமஸை ஒட்டிப் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் அந்நாள்களில் கூட்டம் மிகுதி, கட்டணமும் கூடுதல், ஆதலால் இப்போதே சீட்டு வாங்குவது நல்லது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"உனக்கு முழங்கால் வலியாயிற்றே" என்றார் கணவர்.

"படகில் உட்காரத்தானே போகிறேன்" என்று சொல்லிவிட்டு, திருத்த வைத்திருந்த கோடிட்ட நோட்டுகளுக்கு இடையிலிருந்து ஒரு வெற்றுத் தாளையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு, "விமானத்துக்கு ஒருவருக்கு எவ்வளவு ஆயிற்று?" என்று கேட்டார்.